நான்காவது கிழங்கு

ருவோலினுக்கு நாபிக்கிழங்கு புதிதல்ல. செங்டு நகரத்தில் மேல்படிப்புப் படித்த காலத்தில் அவள் அதோடுதான் குப்பை கொட்டினாள். கிழங்கை இடித்து எரிசாராயத்தில் ஊறவைத்துச் சாறு இறக்குவாள். அந்தச் சாற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பாள். பிறகு அதையே வெள்ளெலிகளுக்குக் கொடுத்துவிட்டு, கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பச்சைக் கிழங்கின் சாறு துளியளவு உள்ளே போனால் போதும். எலி முதலில் வாயை வாயைத் துடைத்துக்கொள்ளும். அப்புறம் பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் நெஞ்சு தாளம் தப்பி அடித்து, சட்டென்று நின்றுவிடும். அதே கிழங்கை நாள் முழுக்கக் கொதிக்கவைத்து இறக்கிய சாற்றைப் பல மடங்கு கொடுத்தாலும் எலி பாட்டுக்கு எலி திரிந்துகொண்டிருக்கும். நஞ்சின் உடம்பில் இரண்டு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கொதிக்கக் கொதிக்க அவை ஒவ்வொன்றாக அறுந்து விழுகின்றன, வால் போனால் விஷத்தின் பல்லும் போய்விடுகிறது என்று அவள் கணவன் ஜெமிங்குக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அவன் வெள்ளி நகைப் பட்டறைக்காரன். கேட்டுவிட்டு, "அப்ப எங்கப்பா ஒவ்வொரு வருஷமும் வாலறுத்துத்தான் போடறாரு, பயப்படாத" என்று சிரித்தான்.

கல்யாணமாகிக் கணவனுடைய மலையூரான ஹெசிங்குக்கு வந்ததும், ஊர்க்கோடியிலிருந்த மூலிகைத் தொழிற்சாலையிலேயே அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. பதப்படுத்திய கிழங்கு மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடுத்து, விஷம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவாள். அந்தக் கிழங்கைத்தான் ஊரில் பாதிப் பேர் குளிர்காலத்தில் பன்றிக்காலோடு போட்டு விடியவிடியக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டார்கள். மூட்டுவலிக்கு அதுதான் மருந்து, உடம்பில் ஏறிய குளிரை விரட்டவும் அதுதான் மருந்து என்று அவர்களுக்கு நம்பிக்கை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். இத்தனை நேரம் கொதித்த குழம்பில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை அவளுடைய எலிகளே சொல்லியிருந்தன. எங்கேயாவது ஒரே ஒரு தப்பு நடந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் அதே எலிகள் சொல்லியிருந்தன.

மாமனார் டுவான் இளவயதில் திபெத் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். அந்தப் பனி இன்னும் தன் முழங்காலை விட்டுப் போகவில்லை என்பார். நடுக்குளிர்காலத்தில் வரும் டோங்ஜி பண்டிகைக்கு அவர் வைக்கும் நாபிக்கிழங்குச் சட்டிதான் அந்தத் தெருவிலேயே பேர்போனது. அந்த வருடம் அவருக்கு உற்சாகம் இரட்டிப்பாகியிருந்தது. ருவோலினுடைய அம்மா ஷிஃபாங் முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டுக்கு வருகிறாள் என்பதுதான் காரணம்.

முந்தின நாள் மத்தியானமே அடுப்பு மூட்டியாயிற்று. ருவோலின் சமையற்கட்டுப் பக்கம் போய், தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"மாமா, நாளைக்கு இறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கரண்டி குழம்பு குடுங்க. ஃபாக்டரியில மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

டுவான் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. முகம்தான் சுண்டிப்போயிற்று.

"ஏம்மா, சம்பந்தியம்மா முதல் தடவையா நம்ம வாசப்படி ஏறி வர்றாங்க. அவங்களுக்கு வைக்கிற சாப்பாட்ட சோதனைக்கு அனுப்பிச்சுட்டுத்தான் பரிமாறினோம்னு தெரிஞ்சா என்னத்த நெனச்சுக்குவாங்க?"

அவர் ராத்திரி முழுக்க நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதும், சட்டியில் தண்ணீர் குறைந்தால் கொதிநீரைத் தவிர வேறெதையும் ஊற்றமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். சரி என்று விட்டுவிட்டாள்.

ஷிஃபாங் மறுநாள் காலை வந்து இறங்கினாள். ஹன்யுவானில் நூடுல்ஸ் கடை வைத்து, புருஷன் போன பிறகும் ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவள். குட்டையான உருவம், ஓங்கின குரல். கைநிறையப் புகைபோட்ட இறைச்சி, ஆரஞ்சு, தங்கள் ஊர் மிளகு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். ஹன்யுவான் மிளகென்றால் சிச்சுவான் முழுக்கப் பிரசித்தம். ஒன்றைக் கடித்தால் வாய் முழுக்க ஜிவ்வென்று மரத்துப்போகும். சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்ட உபசாரத்தில் வீடே அமர்க்களப்பட்டது. பெருமை தாங்காமல் டுவான் பக்கத்து வீட்டுத் தம்பதியையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு வந்தார். அவர் தம்பி யோங் கூப்பிடாமலே வந்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அம்மாவைத் தனியே இழுத்துப்போய் ருவோலின் சாப்பிடவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஷிஃபாங் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உம் மாமனாரு ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுச் சமைச்சிருக்காரு. நான் கைய நனைக்காம எந்திரிச்சா நாளைக்கு பேச்சு உனக்குத்தான் வரும். அந்தாளு முதல்ல சாப்பிட்டுக் காட்டுவாருன்னு நீதானடி சொன்ன? அப்புறம் என்ன?"

அது உண்மைதான். சமைத்தவர் முதலில் சாப்பிட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். விஷம் மிஞ்சியிருந்தால் முதலில் நாக்குதான் மரத்துப்போகும். மத்தியானம் டுவான் எல்லோர் முன்னாலும் ஒரு கிண்ணம் குழம்பும் வெந்து குழைந்த கிழங்கும் சாப்பிட்டார். சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர் நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டினார். மரமரப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். முற்றத்தில் வரவேற்பு முடிந்ததும் காற்றுப் புகாமல் கதவைச் சாத்தி, மாமியார், ஜெமிங் எல்லோருமாகக் கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பச்சைத் தண்ணீர் கிடையாது, மது கிடையாது, அந்தக் கிழங்குக்கு அதுதான் பத்தியம். தான் சாப்பிட்டாயிற்று என்று டுவான் ஒவ்வொரு கிண்ணமாக நிரப்புவதோடு நின்றுகொண்டார். வயிறு சரியில்லை என்று சொல்லி ருவோலின் தன் கிண்ணத்தைத் தொடாமலே வைத்திருந்தாள். மாமனார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

முதல் சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கும் நேரம். சித்தப்பா யோங் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நாக்கு ஒரு மாதிரி மரத்துப்போவுது."

கொஞ்ச நேரத்தில் மாமியார் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஜெமிங் மெதுவாக, "எனக்குந்தான்" என்றான். டுவானுடைய முகத்தில் ரத்தமே இல்லை. அவர் சட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருவோலின் சட்டென்று எழுந்தாள். யாரும் நடக்கவேண்டாம், யாரும் எதையும் குடிக்கவேண்டாம் என்றாள். முற்றத்திலிருந்த மாமனாரின் வேனை வாசற்படிக்கே பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக ஏற்றினாள். ஷிஃபாங் மட்டும், "எனக்கு ஒண்ணுமில்லடி, இரு, ஒரு விஷயம்" என்று ஏதோ சொல்ல வந்தாள். "வாய மூடிட்டு ஏறும்மா" என்று ருவோலின் அவளையும் உள்ளே தள்ளினாள். ஞாபகமாகச் சட்டியையும் எடுத்து மூடி, கால்களுக்கு நடுவே இடுக்கிவைக்கும்படி ஜெமிங்கிடம் கொடுத்தாள். வழிநெடுக அவள் ஒவ்வொருவராகப் பேர்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாள். சித்தப்பா மட்டும் கேட்காமலே பேசிக்கொண்டு வந்தார். தன் தூண்டிலை ஜெமிங் எடுத்துக்கொள்ளலாம் என்றும், ஆனால் சுத்தமாக வைத்திருக்கவேண்டும் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுன்னுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. குளிர்காலம் வந்தால் இப்படி ஒரு குடும்பமாவது வந்து சேரும். ஐம்பதை ஒட்டிய அந்த அம்மாள் கேள்வி கேட்டபடியே எல்லோர் நெஞ்சிலும் கம்பிகளை ஒட்டச் செய்தாள். விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கரைசல் ஆளுக்கு ஒரு குவளை கொடுக்கப்பட்டது. படுக்கைக்கு மேலே திரைகளில் பச்சைக்கோடு குதித்துக் குதித்து ஓடத் தொடங்கியது. ருவோலின் ஒவ்வொரு திரையாகப் பார்த்தாள். தாளம் தப்பவில்லை. இதுவரை தப்பவில்லை, அவ்வளவுதான்.

டுவான் படுத்தபடியே அவளைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"கிட்ட வாம்மா." குரல் உள்ளே போயிருந்தது. "காலையில பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்ட்டுட்டேன். சட்டி பத்தாதோன்னு தோணிச்சு. காஞ்ச கிழங்கு நாலு எடுத்துப் போட்டேன். சின்னதுதான், மத்தியானத்துக்குள்ள வெந்துடும்னு நெனச்சேன். இத்தன வருஷத்துல நான் அப்படிச் செஞ்சதே இல்ல."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். காலையில் போட்டது என்றால் பாதி வேக்காடுகூட இல்லை. அந்த மலையுயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் சூடு குறைவு. கிழங்கு வேகச் சமவெளியைவிட அதிக நேரம் பிடிக்கும்.

"சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் எப்படிம்மா உம் முகத்துல முழிப்பேன்" என்றார் அவர். கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆவாது மாமா. இப்பவாச்சும் சொன்னீங்களே, அதுவே போதும்" என்று அவர் கையை அழுத்திவிட்டு நகர்ந்தாள். அவர் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. செங்டுவில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் மனதுக்குள் வந்துபோயின.

அப்போதுதான் கோடியில் இருந்த படுக்கையிலிருந்து ஷிஃபாங் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அம்மா பேசி ருவோலின் கேட்டதே இல்லை.

"நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"என்னம்மா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க வந்தப்ப நீங்கல்லாம் முத்தத்துக்குப் போயிட்டீங்க. நான் அடுப்பாண்ட தனியா இருந்தேன். ஒரு வாய் ருசி பாத்தேன். உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. பாவம் மனுஷன் ராத்திரியெல்லாம் கஷ்டப்பட்டிருக்காரேன்னு..." அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்னச் சீசாவில் மிளகெண்ணெய். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. "நம்ம ஊரு எண்ணெய் கொஞ்சம் விட்டுட்டேன்."

"கொஞ்சமா?"

"கொஞ்சம் தாராளமா."

ருவோலின் அம்மாவையே பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்தச் சட்டியில் மட்டும் யாரும் மிளகு சேர்க்கமாட்டார்கள். நாக்கு மரக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அங்கே இருக்கிற ஒரே காவல். இவள் அந்தக் காவல்காரனையே குழப்பிவிட்டிருந்தாள். சம்பந்தியிடம் சொல்லிவிடாதே, மானம் போய்விடும் என்று ஷிஃபாங் கெஞ்சினாள். சம்பந்தியிடம் நீயே சொல், டாக்டரிடம் நான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ருவோலின் கறாராகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் சுன் கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வெகுநேரம் சிரித்தாள். அவள் கண்ணாடி நழுவியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மிளகு மரமரப்பு அரைமணியில போயிடும். கிழங்கோடது அப்படிப் போகாது. போய்ட்டுதுன்னா பாதிக் கவலை விட்டுது. ஆனா உங்க மாமனாரு போட்ட நாலு கிழங்கு இருக்கே, அத சும்மா விட முடியாது. நான் எல்லாரையும் பாத்துக்கறேன். சட்டியில என்ன இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

சட்டியை எடுத்துக்கொண்டு ருவோலின் தொழிற்சாலைக்குப் போனாள். பண்டிகை நாள், காவலாளி மட்டும் வெயிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சங்கதியைக் கேட்டதும் குவளையைக் கீழே வைத்துவிட்டு எல்லாக் கதவையும் அவரே ஓடி ஓடித் திறந்துவிட்டார். கருவியைச் சூடாக விட்டுவிட்டு அவள் குழம்பை வடிகட்டினாள். அமோனியாவை விட்டு, ஈதரை ஊற்றிக் குலுக்கினாள். குழம்பில் இருக்கிற விஷமெல்லாம் இப்போது மேலே தெளிந்து நிற்கும் ஈதருக்குள் ஏறியிருக்கும். அதைப் பிரித்து உலர்த்தி, கண்ணுக்கே தெரியாமல் அடியில் ஒட்டியிருந்ததைத் திரும்பக் கரைத்துக் கருவிக்குள் செலுத்தினாள். தினமும் செய்கிற வேலைதான். இன்றைக்குத்தான் அதன் மறுமுனையில் அம்மாவும் ஜெமிங்கும் படுத்திருந்தார்கள்.

திரையில் கோடு ஊர்ந்தது. வாலறுந்த சாதுவான சத்துகள் ஒவ்வொன்றாக மலைபோல் எழுந்து இறங்கின. அவற்றுக்கு அப்புறம்தான் வால் அறாத மூன்று கொடிய நஞ்சுகள் வரவேண்டும். அவை வழக்கமாக எழும் இடத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டே காட்டுவாள். முதல் இடம் வந்தது. கோடு லேசாக மேடேறிப் படுத்துக்கொண்டது. இரண்டாவது இடம் வந்தது. அதுவும் அப்படித்தான். மூன்றாவதில் அதுகூட இல்லை. இருந்த விஷத்தை எல்லாம் கூட்டினாலும், குடித்தவர்களைக் கொல்லும் அளவுக்கு அது எங்கேயோ கீழே இருந்தது. அவள் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்துகொண்டாள். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

குழம்பு பிழைத்தது. இனிக் கிழங்கு. சட்டியைத் தட்டில் கவிழ்த்தாள். நேற்றைய கிழங்கெல்லாம் விரலால் தொட்டாலே கரைந்தது. அடியில் கிடந்த சில மட்டும் கட்டியாகத் தட்டுப்பட்டன. வெட்டிப் பார்த்தாள். வெளியே வெந்த மாதிரி இருந்தாலும் நடுவில் வெள்ளையாக, மாவு மாவாக, வேகாமல் நின்றிருந்தது. அந்த நடுப்பகுதியைச் சுரண்டிக் கருவியில் ஓட்டினாள். இந்தத் தடவை மூன்று இடத்திலும் கோடு செங்குத்தாக ஏறிற்று. ஒரே ஒரு கிழங்கை ஒருவர் முழுசாக மென்று விழுங்கியிருந்தால் போதும்.

தட்டில் கட்டிக் கிழங்கு மூன்று இருந்தது. திரும்ப எண்ணினாள். சட்டிக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். மூன்றுதான். மாமனார் நாலு என்று சொன்னார்.

அவசர அவசரமாக ஜெமிங்குக்குப் போன் செய்தாள். கல் மாதிரி ஏதாவது யாராவது மென்றார்களா என்று கேட்டாள். அவன் எல்லோரிடமும் கேட்டுவிட்டு யாரும் இல்லை என்றான். குரல் தெளிந்திருந்தது. தனக்கு நாக்கு சரியாகிவிட்டது, அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரியாகிவிட்டது, அப்பாவுக்கு முதலிலிருந்தே ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சீட்டுக்கட்டு கேட்கிறார்கள் என்றான். பிறகு கொஞ்சம் நிறுத்தினான்.

"உங்க அம்மாவுக்கு மட்டும் இன்னும் உதடு மரத்துத்தான் இருக்காம். இப்ப விரல் நுனியும் மரமரங்குதாம். டாக்டர் பக்கத்துலயே நிக்கறாங்க. நீ வா."

அவள் எப்படி வண்டியை ஓட்டினாள் என்பது பிற்பாடு அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

ஷிஃபாங் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சோர்வு. திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு நடுநடுவே அவசரமாக ஒரு துள்ளு துள்ளிவிட்டு, மூச்சு வாங்குவது போல நின்று, மறுபடி நடையைக் கட்டியது. ருவோலின் கட்டிலில் அமர்ந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு கிழங்கு காணோம். கட்டியா, வேகாததா. நீ சாப்பிட்டியா? மறைக்காம சொல்லு."

ஷிஃபாங் எதிர்க்கட்டிலில் இருந்த சம்பந்தியை ஒருதரம் பார்த்தாள். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவள் போர்வைக்கு மேலே கிடந்த தன் கோட்டை இழுத்து, பைக்குள் கைவிட்டு, கசங்கிய காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"கடிச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு. சம்பந்தி முன்னாடி எப்படித் துப்பறது? வாயத் தொடைக்கிற சாக்குல இதுல துப்பிப் பையில போட்டுக்கிட்டேன்."

ருவோலின் பொட்டலத்தைப் பிரித்தாள். கிழங்கு முழுசாக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு பல் ஆழமாகப் பதிந்திருந்தது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு துணுக்குகூடக் குறையவில்லை.

"சாறு முழுங்கினியா?"

"கொஞ்சம் போயிருக்கும். உடனே குழம்பு குடிச்சேன். மரமரன்னுதான் இருந்துச்சு. நம்ம எண்ணெய்னு நெனச்சேன்."

டாக்டர் சுன் பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நீண்ட மூச்சு விட்டாள். முழுங்கவில்லை என்றால் கவலை இல்லை, பல் பட்ட அளவுக்குத்தான் உள்ளே போயிருக்கும், உடம்பே கழித்துவிடும் என்றாள். மருந்து தயாராக இருக்கிறது, தேவைப்படாது என்று தனக்குத் தோன்றுகிறது என்றும் சொன்னாள். சொன்னபடியே ஆயிற்று. ருவோலின் அம்மாவின் கையை விடாமல் திரையையே பார்த்திருந்தாள். அந்தத் துள்ளல் முதலில் அடிக்கடி வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வருமோ வருமோ என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜன்னலுக்கு வெளியே மலைமுகட்டில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தபோது ஷிஃபாங் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ருவோலின் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பகல் முழுக்க அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. ஷிஃபாங் அவள் தலையைத் தடவியபடி, அழுகிறவளை விட்டுவிட்டு அக்கம்பக்கத்துக்கு எல்லாம், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சின்னப்புள்ளையிலேர்ந்தே இப்படித்தான்" என்று சமாதானம் சொன்னாள்.

டுவான் கம்பிகளை எல்லாம் ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சம்பந்தியம்மாவின் கட்டிலண்டை வந்து நின்றார். தலை குனிந்திருந்தது. அவர் ஆரம்பிக்கவும் ஷிஃபாங் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. நீங்கள் சொல்லுங்கள், இல்லை நீங்கள் சொல்லுங்கள் என்று அங்கேயும் உபசாரம் நடந்தது. கடைசியில் அவர்தான் முந்தினார். காலையில் கிழங்கு போட்டதைச் சொன்னார். அதை இறக்கும்போதே சொல்லாமல் விட்டதுதான் பெரிய தப்பு என்றார். அவள் எண்ணெய்ச் சீசாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள்.

டுவான் சீசாவை முகர்ந்து பார்த்தார். தும்மினார். பிறகு வாழ்க்கையில் அப்போதுதான் முதல் தடவை சிரிக்கிறவர் மாதிரி, தோள் குலுங்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமியாரும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர்கள் பங்குக்கு அவர்களும்.

சித்தப்பா யோங் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசனையில் இருந்தார்.

"அண்ணே, நான் எப்பவும் ரெண்டாவது தடவை சட்டியோட அடியிலேர்ந்துதான எடுத்துப் போட்டுக்குவேன். அந்த நேரத்துல நாக்கு மரக்காம இருந்திருந்தா ருவோலின் சொன்ன அந்த மூணும் எனக்குள்ளதான போயிருக்கும்?"

சிரிப்பு நின்றது. அவர் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் உறைத்தது. ருவோலினுக்கு அது முன்பே, தொழிற்சாலையில் செங்குத்தாக ஏறிய கோட்டைப் பார்த்தபோதே உறைத்திருந்தது. யோங் கட்டிலை விட்டு இறங்கி ஷிஃபாங்குக்கு முன்னால் வந்து நின்று, இடுப்பு வளைய வணங்கினார். அவள் வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

இரவுச் சோதனைக்கு வந்த டாக்டர் சுன் எல்லோருடைய தாள்களையும் பார்த்தாள். நாளைக் காலை எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றாள். கதவருகே போனவள் திரும்பி, சம்பந்திகள் இருவரையும் ஒருசேரப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து ஓட்டல் எதுவும் ஆரம்பிச்சுடாதீங்க."

மறுநாள் காலை பனி விலகி மலை முழுசாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே அரிசிப்பட்டை நூடுல்ஸ் கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் முக்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சாப்பிடலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. டுவான் சம்பந்தியம்மாவுக்கு முதல் கிண்ணத்தை நகர்த்தினார். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும், லாரி ஓட்டின பாதையில் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றார். ஷிஃபாங் கடையை யார் பார்த்துக்கொள்வது என்று பிகு பண்ணினாள். ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு குளிர், என்ன உடுத்திக்கொள்ளவேண்டும் என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஜெமிங் உட்கார்ந்தபடியே மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

ருவோலினுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். சூடு உள்ளங்கையில் ஏறிற்று. முதல் வாய் வயிற்றுக்குள் போனதும் உடம்பு முழுக்க இளகியது. அப்புறம் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கிண்ணம் எப்போது காலியாயிற்று என்றே அவளுக்குத் தெரியவில்லை. மாமியார் ஒன்றும் கேட்காமல் இன்னொன்றை அவள் முன்னால் நகர்த்திவைத்தாள்.